ரீடிங்

மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள் நான்.
பதினாறு வருஷமாக
ஊரார் வீட்டு எண்களைப் படித்துச் சோறு தின்கிறேன்.
ஆகவே செக்காலை ரோட்டு மாடியில்
கல்யாண வீடியோக் கடையைக் காலி செய்துகொண்டிருந்த அருளானந்து
ப்ரொஜெக்டரைப் போட்டு
"விளக்கு எரிஞ்சதே இருநூத்திப் பன்னெண்டு மணி நேரம்தாங்க்கா"
என்று எண்ணைக் காட்டியபோது
சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டேன்.

திருப்பிவிட்ட மீட்டரின் முகம் எனக்குத் தெரியும்.
இரண்டாம் கல்யாணத்துக்குச் சவரம் பண்ணின முகம்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொன்னேன்.
ஃபில்டரில் கம்பளி கணக்காய்த் தூசி.
தூசிக்குள் ஜிகினா, வெள்ளியும் பச்சையும்.
பன்னீர் ரோஜா இதழின் காய்ந்த ஓரம்.
ஒரே ஒரு அட்சதை அரிசி,
மஞ்சள் கொஞ்சமும் வெளுக்காமல்.
"இது எத்தனை முகூர்த்தம் பார்த்துச்சு தம்பி?"
அருளானந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
பதினோராயிரம்
ஏழாயிரத்து இருநூறில் வந்து நின்றது.
ரிமோட் இல்லை.
பை உண்டு, ஜிப் இல்லை.

கோட்டையூரில்
பெரிய வீடொன்றின் பின்கட்டில்
எனக்கும் மகனுக்கும் இரண்டு அறை வாடகைக்கு.
சுவர்தான் சங்கடம்.
முட்டைச் சுண்ணாம்பு பூசி இழைத்த சுவர்;
வெளியூர்க்காரர்கள் தடவித் தடவிப் பார்ப்பார்கள்.
படம் போட்டால் எதிரே அடிக்கும்.
கதாநாயகி அழும்போதெல்லாம்
அவள் நெற்றியில் ஒரு குண்டு பல்பு.
ஆணியடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார்.
சந்தையில் எட்டு முழ வேட்டி ஒன்று வாங்கி
கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.
கரையை உள்ளே மடித்துத் தைத்தது சேவுகன்,
பத்தாம் வகுப்பு, தையல் கோணல்.
காற்றடித்தால் வில்லனுக்கு வயிறு உப்பும்.

படத்தை அணைத்தாலும் உள்விசிறி ஓட வேண்டும்,
சூடு இறங்குகிறவரை.
நடுவில் கரண்ட் போனால் விளக்குக்கு ஆகாது.
அருளானந்து சொன்னதில் அது மட்டும் நிஜம்.
ஒரு சனிக்கிழமை ராத்திரி
கதவை உடைக்கப் போகிறார்கள், உடைக்கப் போகிறார்கள்,
ஃபீடர் ட்ரிப்.
இருட்டில், கணக்கெடுக்கும் அட்டையை எடுத்து
அந்தப் பெட்டிக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
பிரசவம் ஆனவளுக்கு விசிறுவதுபோல.
பக்கத்துப் போர்ஷன் மீனாள் டார்ச்சோடு வந்தாள்:
"எப்ப வரும்னு ஆபீசுக்குப் போன் போடுங்களேன்."
"ஆபீஸ் இங்கதான்க்கா விசிறிக்கிட்டு இருக்கு"
என்றான் சேவுகன்.

ஆடிக்காற்றில்
கழுவின ஃபில்டரைச் சரியாக மாட்டவில்லையோ என்னவோ
ஒரு ஜிகினாத் துணுக்கு உள்ளே போய்விட்டது.
இப்போது வலது மேல்மூலையில் பச்சைப் புள்ளி.
வெளிச்சமான காட்சியில் காணாது.
இருட்டினால் முளைக்கும்.
கடல் என்றால் தூரத்துப் படகு.
காடு என்றால் எதுவோ ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது.
கிழவர் சாகக் கிடக்கும் அறையில்
"யாரோ போன் சார்ஜ் போட்டுட்டுப் போயிட்டாங்கம்மா."

பிரித்துத் துடைக்க தேவகோட்டைக்காரர் ஆயிரத்து ஐந்நூறு கேட்கிறார்.
புது விளக்கு நாலாயிரத்து எண்ணூறு.
இரண்டையும் சேர்த்தால்
இன்னொரு பழசே வாங்கிவிடலாம்,
அதற்குள்ளும் யாருடைய கல்யாணமோ இருக்கும்.

வீட்டு மீட்டருக்கு இருப்பதுபோல்
இதற்கும் ஒரு வெள்ளை அட்டை எழுதி
பையோடு கட்டியிருக்கிறேன்.
தேதி. ரீடிங். குறிப்பு.
முதல் வரியில் அருளானந்தின் 212.
அதற்கு முன்னால்
பென்சிலில் ஒரு 2 சேர்த்தேன்.
வேலை செய்த கை, சும்மா விடாது.

நேற்றைய வரி:
2391.
ஃபில்டர் கழுவி நிழலில் காயவைத்தது.
கதவு திறந்திருந்தது.
மீனாள் பாதியில் தூங்கிவிட்டாள்.
புள்ளி இருக்கிறது.